அருவி முன்னால் ஆட்டிய தலை

"ஏம்மா, இந்தச் சத்தத்துல நீ கேட்டது அப்பா காதுல எப்படி விழுந்துச்சு?" என்று மகள் என் காதருகே வந்து கத்தினாள்.

வடக்கே ஒரு மலைக்காட்டுக்குள்ளே, பாறைக்குப் பாறை தாவி இறங்கும் அருவியின் முன்னால் நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். கல்யாணமான புதிதில் நானும் அவரும் வந்த இடம். அன்றும் இதே சாரல், ஊசியிலை மரங்களின் இதே ஈர வாசனை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "டெலிபோன் ஆபீஸ் வேலையை நான் விடமாட்டேன், சரியா?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நம்பித்தான் ஓய்வு பெறும்வரை வேலைக்குப் போனேன். "யாரைக் கேட்டுடி கிளம்பறே?" என்று மாமியார் வாசலை மறிக்கும்போதெல்லாம், "உங்க பிள்ளை அருவியிலேயே சரின்னுட்டார் அத்தை" என்பேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது இந்தக் கதையையும் சேர்த்துத்தான் ஊட்டினேன்.

இப்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. கையைப் பிடித்து மேலே டீக்கடைக்கு இழுத்து வந்தேன். அங்கே பேச்சு கேட்கும்.

"நிஜத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழலை."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டினீங்க?"

"டீ குடிக்கலாமான்னு கேட்கறேன்னு நெனச்சேன்."

மகளுக்குப் புரையேறிவிட்டது. "போச்சு போ! அம்மா உத்தியோகம் பார்த்ததே ஒரு டீயாலதானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு பேசாமலிருந்த நாட்களில்கூட, அந்தத் தலையாட்டலை நினைத்து அவரை மன்னித்திருக்கிறேன்.

"சரி. விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் டம்ளரை உள்ளங்கையில் உருட்டினார். "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னிருப்பேன்."

"அத்தை கூடவே கூடாதுன்னிருப்பாங்க."

"ஆமா."

"நீங்க அதுக்கும் மண்டையை ஆட்டியிருப்பீங்க."

"ஆட்டியிருப்பேன்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் மனுஷன். சொல்லவில்லை.

"வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட நீங்க சரின்னுட்டீங்கன்னு சொன்னேனே, பக்கத்துலதானே நின்னீங்க? அப்பவே இல்லைன்னிருக்கலாமே?"

"நீ என்னைத் திரும்பிப் பார்த்தே. அப்படியே பூரிச்சுப்போய் நின்னே. அந்த மூஞ்சியைப் பார்த்து எவனுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரும்?"

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் பயம். சொன்னா நீ வேலையை விட்டுடுவியோன்னு."

"நான் எதுக்கு விடப்போறேன்?"

பட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆமாம், எதற்கு விடப்போகிறேன்? காதில் கருவியை மாட்டி, வரிசை வரிசையாய் மின்னும் விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்கும்போது எனக்கிருந்த மிடுக்கு எனக்குத்தானே தெரியும்! மாமியார் வாசலை மறித்த காலைகளில், இவர் உள்ளே பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். பக்கவாட்டில் ஒதுங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவை என் கால்கள்.