வேலைக்குப் போன கட்டில்

மடிப்புக்காரியின் இரும்புக் கட்டில் ஒரு திங்கட்கிழமை காலை, சலவை ஆலையின் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவளைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போனது. அன்று லேசான தூறல். பேருந்துகள் வழக்கம்போல நிரம்பி வழிந்தன.

அந்த ஆலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் லாரி லாரியாக வரும். வெளுத்து, உருளையில் காய்ந்து வரும் விரிப்பை மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று, முன்னால் நடந்து, முனையைக் கைமாற்றி, பின்னால் நகர வேண்டும். மடிப்புக்காரிக்கு எதிரே நின்றவளை ஆலை முழுக்க ‘எதிர்முனை’ என்றுதான் கூப்பிட்டது. இருவரும் அப்படி முன்னும் பின்னும் நடந்தே தலைநரைக்கும் வயதுக்கு வந்திருந்தார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாவற்றையும் முனைகள் சேரும் அந்த நொடியில் பேசி முடித்துக்கொள்வார்கள். கோடைக் கடைசியில் ஒருநாள் மடிப்புக்காரி ஈர மூட்டை ஒன்றைத் தூக்கியபோது அவள் இடுப்புக்கு மேலே சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. பக்கத்து மேஜைக்காரிகளுக்கும் கேட்டது. டாக்டர் அவளைக் குப்புறப் போட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, தான் சொல்லும்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் பிறகு குனிவது என்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

ஆலையின் மேலாளருக்கு ‘நீராவி’ என்று பேர். பேசுவதற்கு முன்னால் மூக்கால் ஒரு சீறல் விடுவார். ஆலையில் ஒரே ஒரு சட்டம்தான் அவருக்குத் தெரியும்: சங்கு ஊதும்போது வாசலுக்கு உள்ளே இருப்பவர் வேலையில் இருக்கிறவர், வெளியே இருப்பவர் இல்லாதவர். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தவனைக்கூட அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். மடிப்புக்காரியின் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். டாக்டர் சான்றிதழை எடுத்துக்கொண்டு நடையாய் நடந்தார். கையெழுத்து புரியவில்லை என்றார் நீராவி. புரியும்படி எழுதி வாங்கிவந்தால் முத்திரை இல்லை. முத்திரையோடு வந்தால் மை பரவியிருக்கிறது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, “காகிதமா வந்து துணி மடிக்கப் போகுது? அவளை நேர்ல வரச் சொல்லு. திங்கக்கெழம சங்குக்கு உள்ள இல்லன்னா அவ மேஜைக்கு வேற ஆள்” என்று சொல்லி ஒரு சீறல் விட்டார். முதுகுவலி என்று ஒன்று உலகத்தில் கிடையாது, அது வேலை செய்யாதவர்கள் கண்டுபிடித்தது என்பது அவருடைய கருத்து.

அந்த மேஜையை விட்டால் அவளுக்கு வேறு மேஜை கிடையாது. அவள் வயதில் யாரும் புதிதாக எடுக்கமாட்டார்கள். ஒரு பக்கம் இறங்காதே என்கிறார் டாக்டர், இன்னொரு பக்கம் வா என்கிறார் நீராவி. வீட்டில் ஞாயிறு முழுக்க இதே பேச்சு. திங்கள் காலை அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தபோது கட்டில் முன்கால் ஒன்றைத் தூக்கி, யோசித்து, வைத்தது. பிறகு நடந்தது. கதவில் ஒருக்களித்து நுழைந்ததில் நிலைப்படியோரம் கொஞ்சம் காரை உதிர்ந்தது. மாமியார் கையில் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போறதுதான் போற, போர்வைய நல்லா இழுத்து விட்டுக்க. தெருவுல நாலு பேரு பாப்பாங்க” என்றாள்.

கட்டிலின் நடை எல்லோருக்கும் தெரிந்த நடைதான். முன்னால் நாலைந்து அடி, ஒரு சின்ன நிறுத்தம், பின்னால் ஓரடி. விரிப்பு மடிப்பவள் இத்தனை வருஷம் படுத்து எழுந்த கட்டில் வேறு எப்படி நடக்கும்? முச்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தினார். இடது ஓரமாகப் போகச் சொன்னார், அவ்வளவுதான். வேகத்தடை வந்த இடத்தில் மட்டும் அவளுக்கு உயிர் போய் வந்தது. ஆலை வாசலில் காவலாளி குனிந்து பார்த்து, “இது வண்டியா, ஆளா? வண்டின்னா பின்வாசல்” என்றார்.

“ஆளுதான் அண்ணே. கீழ இருக்கறது வீட்டுச் சாமான்.”

அவர் விட்டுவிட்டார். கட்டில் உள்ளே வைத்த கடைசிக் காலோடு சங்கு ஊதியது.

நீராவி வந்து எழுந்து நிற்கச் சொன்னார். நிற்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன் என்றாள் அவள். ஈர மூட்டைகளை அநாயாசமாகத் தூக்கும் ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலை வெளியே வைக்கச் சொன்னார். அவர்கள் மனதாரத்தான் தூக்கினார்கள். அது தரையில் முளைத்ததுபோல நின்றது. சாயங்காலச் சங்குக்கு அதுவாகவே திரும்பி வீட்டுக்குப் போனது. மறுநாள் வந்தது. மழைக்காலம் பிறக்கும்வரை ஒருநாள் தவறாமல் வந்தது. உருளைக்கும் மேஜைக்கும் நடுவில் அது நிற்பதால் எல்லோரும் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். எதிர்முனை மட்டும் போகும்போதெல்லாம் சூடான விரிப்பு ஒன்றை அவள் இடுப்புக்கு அடியில் செருகிவிட்டு, ஆறியதை உருவிக்கொண்டு போனாள். ஆனால் டாக்டருக்குத் திருப்தியில்லை. நீ இறங்கவில்லை, சரி, தினம் இரண்டு தடவை வேகத்தடை ஏறி இறங்கினால் எலும்பு எப்படிச் சேரும், முறையாக லீவு வாங்கி வீட்டில் கிட, இல்லாவிட்டால் மேஜை இருக்கும், முதுகு இருக்காது என்றார்.

அவள் தினமும் லீவு கேட்டாள். தினமும் வேலைக்கு வருகிறவளுக்கு எதற்கு நோய் லீவு என்று நீராவி கேட்டார்.

ஒரு மத்தியானம் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே கட்டிலைத் தள்ள வந்தார். தோளைக் கொடுத்து ஒரு தம் பிடித்தார். சுள்ளி முறியும் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. இந்தத் தடவை அது மடிப்புக்காரியின் முதுகிலிருந்து வரவில்லை. நீராவி பாதியாக மடிந்து நின்றார், நேர்த்தியாக, முனையோடு முனை சேர. சட்டை மேலேறியதில், பல வருஷமாக உள்ளே கட்டிவந்த இடுப்புப் பட்டை வெளியே தெரிந்தது.

“நேர்ல வந்துட்டீங்க சார். எந்திரிச்சு நில்லுங்க” என்றாள் எதிர்முனை.

கூடம் சிரித்து முடிப்பதற்குள் வாசலில் சத்தம். தலைமாட்டில் கண்ணாடி பதித்த பெரிய தேக்குக் கட்டில் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன்மேல் நீராவியின் மனைவி மடியில் முறத்தோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“உக்காந்து உரிச்சிட்டிருந்தேன், கெளம்பிடுச்சு. எறங்க நேரமில்ல” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

ஆட்கள் நீராவியை அலுங்காமல் தூக்கி அதில் குப்புறப் படுக்க வைத்தார்கள். தேக்குக் கட்டில் திரும்பியது. போகிற வழியில் இரும்புக் கட்டில் நின்றது. அது விலகவில்லை.

“ஏம்மா, கொஞ்சம் நகரக்கூடாதா?”

“அக்கா, எனக்கு லீவு குடுத்தா நான் வீட்டுக்கே போயிடுவேன்.”

மனைவி உரித்த வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டுப் புருஷனின் முதுகைப் பார்த்தாள். “குடுக்கலையா நீங்க?”

தலையணைக்குள்ளிருந்து ஒரு சீறல் வந்தது. அவ்வளவு பலமில்லை. “பேனா எங்கடி?” என்றார் நீராவி. குப்புறக் கிடந்தபடியே, டாக்டர் சொல்லும்வரை லீவு, மேஜை அவளுக்கே என்று கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையைக் காவலாளி குத்தினார். மை பரவியது. எதிர்முனை அதை அப்படியே மடித்து மடிப்புக்காரியின் தலையணைக்கு அடியில் செருகினாள். இரும்புக் கட்டில் ஓரடி பின்னால் வைத்தது, தேக்குக் கட்டில் கடந்து போனது.

மழைக்காலம் முழுக்க மடிப்புக்காரி வீட்டில் கிடந்தாள். எலும்பு சேர்ந்தது. நீராவி தன் லீவுக்கு முதலாளியிடம் எழுதினார். நேரில் வரும்படி பதில் வந்தது. முதலாளியின் வீடு மேட்டில் இருக்கிறது, தேக்குக் கட்டிலுக்கு மூச்சு வாங்கியதாம். அதன் பிறகு ஆலையில் சான்றிதழ் கொண்டுவருகிறவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதற்குள் கொதிகலன்காரரின் நாடாக்கட்டிலும் இஸ்திரிக்காரியின் பெஞ்சும் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தன. வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தினார்கள்.

மடிப்புக்காரி இப்போது தன் காலிலேயே வேலைக்குப் போகிறாள். மத்தியானம் மாமியார் அந்தக் கட்டிலில் ஒரு தூக்கம் போடுவாள். ஆலையில் சங்கு ஊதினால் கட்டில் முன்கால் ஒன்றைத் தூக்கும். மாமியார் கண்ணைத் திறக்காமலே கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டி, “லீவு, லீவு, படு” என்பாள். அது காலைக் கீழே வைத்துக்கொள்ளும்.