தொடையில் உருட்டும் தக்களி

நூல் மறுபடியும் அறுந்து தக்களி மணலில் விழுந்தது. பொன்னப்பன் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு, களவு செய்து பிடிபட்டவன் மாதிரி அகஸ்டினாவைப் பார்த்தான். பனை உச்சியில் நின்று பாளை சீவுகிற கைக்கு ஒரு பிடிப் பஞ்சு அடங்க மாட்டேன் என்றது.

"மரத்தக் கெட்டிப்பிடிக்கிய மாதிரி பிடிக்காதீங்க அண்ணே. விட்டுக் குடுக்கணும். தக்களி நிக்கதுக்கு முன்னே பிடிச்சிரணும். இல்லேன்னா மறுபக்கம் சுத்தி முறுக்கெல்லாம் அவுந்து போவும்."

பொறுமையாகத்தான் சொன்னாள். உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. தமிழ்த் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீசு சுட்டதில் பொன்னப்பனின் தம்பி செத்துப்போனான். மறுநாள் அவள் புருஷன் நார்பர்ட், "நம்ம ஆளாக்கும்" என்று சொல்லிப் பொன்னப்பனைக் காரோட்டுக் கடற்கரைக்குக் கூட்டிவந்து வீட்டில் வைத்துவிட்டான். இத்தனை காலம் கருவாட்டுக்குக் கருப்பட்டி மாற்றிய சிநேகம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்தோடு போனாலும் சாளை மீன் அதைக் கேட்டுக்கொண்டு கரைக்கு வரப்போவதில்லை என்பது அகஸ்டினாவின் கட்சி.

ஊர்வலத்தில் போனவர்கள் என்று போலீசுக்காரர்கள் ஊர் ஊராகப் பனையேறிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பேர்கூடக் கேட்பதில்லையாம். காலில் பனை உரசிக் காய்த்த தழும்பைக் கண்டால் போதும், வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இங்கே பிடிபட்டால் பொன்னப்பன் மட்டும் போகமாட்டான், நார்பர்ட்டும் கூடவே போவான். யாராவது கேட்டால் தூத்தூரிலிருந்து வந்த மாமன் மகன், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளையை இந்தக் கரையில் யார் பார்த்திருக்கிறார்கள்? கடலுக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் ஆண்கள் வலைக்கு நூல் நூற்பார்கள். அதனால் அவளேதான் தக்களியை எடுத்துக் கொடுத்தாள்.

வலைநூல் தடிமனாக, முறுக்கேறி இருக்கவேண்டும். விரலால் திருகினால் அந்த வேகம் வராது. இடுப்பில் கட்டிய முண்டை ஏற்றிவிட்டு, வெறுந்தொடையில் தக்களித் தண்டை வைத்து உள்ளங்கையால் ஒரே தள்ளாக உருட்டிவிட வேண்டும். பொன்னப்பன் கூச்சப்பட்டான். பிறகு ஏற்றினான். முழங்காலுக்குக் கீழே பனம்பட்டை போலக் கறுத்துக் காய்த்துக் கிடந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"ஆளு வந்தா முண்டத் தாத்திப் போடணும், கேட்டியளா."

அவன் தலையாட்டினான். பஞ்சைப் பிய்த்துக்கொண்டே, "தம்பிய யாரு எடுத்துப் பொதைச்சாவன்னு தெரியல்ல தங்கச்சி. பொதைச்சாவளான்னும் தெரியல்ல" என்றான். அகஸ்டினா இன்னொரு பிடிப் பஞ்சை நீட்டினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக நூல் அறாமல் அவன் இடுப்பிலிருந்து தரை வரைக்கும் இறங்கியது. அதன்பின் அவனுக்கு வேலை வசப்பட்டுவிட்டது. தக்களியைக் கையில் எடுத்தாலே இடது கை தானாக முண்டைச் சுருட்டி ஏற்றியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அந்த வாரக் கடைசியில் ஒரு முற்பகலில் இரண்டு போலீசுக்காரர்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். பொன்னப்பன் கால்களை வலைக் குவியலுக்குள் நுழைத்துக்கொண்டான்.

"ஆராணு இவன்?" என்றான் மூத்தவன்.

"எங்க வீட்டுக்காரருக்க மாமன் மவன் சார். தூத்தூரு. காச்சலாக்கும்."

மூத்தவன் குனிந்து தக்களியை எடுத்தான். நூலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுப் பொன்னப்பனிடம் நீட்டி நூற்றுக் காட்டச் சொன்னான். "எந்நால் ஒந்நு நூற்றே. காணட்டெ."

பொன்னப்பன் வாங்கினான். வாங்கியதும் அவன் இடது கை, அவள் பழக்கிய பழக்கத்தில், முண்டின் ஓரத்தைப் பிடித்தது. முண்டு ஏறினால் பனைத் தழும்பு வெளியே வந்துவிடும்.

"காச்சக்காரனுக்குக் கை நடுங்கும் சார்" என்று தக்களியைப் பறித்தாள். "நான் உருட்டுதேன். அண்ணே, நீங்க பஞ்சப் பிடிங்க."

அவனுக்கு எதிரே உட்கார்ந்து தன் முண்டை ஏற்றினாள். முழங்காலுக்கு மேல், இன்னும் மேல். பூசைக்குப் போகிற வழியில் கணுக்கால் தெரிந்தாலே இழுத்து விட்டுக்கொள்கிறவள் அவள். தண்டைத் தொடையில் வைத்து உருட்டினாள். உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. மூத்தவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். இளையவன் திருப்பவில்லை. பொன்னப்பனின் காலை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

போனார்கள். ஆனால் தூரமாகப் போகவில்லை. பக்கத்துத் தோப்பு நிழலில் உட்கார்ந்து இளநீர் வெட்டச் சொன்னார்கள். அங்கிருந்து பார்த்தால் இந்த முற்றம் முழுக்கத் தெரியும். நிறுத்தினால் திரும்பி வந்து பொன்னப்பனை நூற்கச் சொல்வார்கள். அவள் நிறுத்தவில்லை.

"போதும் தங்கச்சி" என்றான் பொன்னப்பன், தலையைத் தூக்காமல். "நான் எழும்பி அவனுவ முன்னே போயி நின்னுடுதேன். ஒங்களுக்கு இந்தக் கேடு வேண்டாம்."

"பேசாம இரிங்க. நூலு அறும்."

கட்டுமரத்தை மேலே இழுத்துப் போட்டுவிட்டு நார்பர்ட் கரையிலிருந்து ஏறி வந்தான். தோப்பைத் தாண்டும்போது இளையவன் என்னவோ சொல்லிச் சிரித்தான். நார்பர்ட்டுக்குப் புரியவில்லை. முற்றத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். அவள் தொடையைப் பார்த்தான். அங்கிருந்து பொன்னப்பனின் விரலுக்குப் போகிற நூலைப் பார்த்தான். பிறகு பொன்னப்பனைப் பார்த்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சத்தம் தோப்பு வரைக்கும் கேட்கும். "இஞ்ச பாருங்க" என்றாள், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை அவள் இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை.

நார்பர்ட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மெல்ல நடந்து வந்து, அவளுக்குப் புறமுதுகு காட்டி, தோப்பைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்தான். விஷயம் விளங்கித்தான் உட்கார்ந்தானா, பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டானா, அவளுக்குத் தெரியவில்லை. அவன் அகன்ற முதுகு தோப்பையும் அங்கிருந்தவர்களையும் மறைத்தது. அதில் கடல்நீர் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அவள் தக்களியை மறுபடி உருட்டினாள்.