ஆறேகால் வெளிச்சம்

அசல் டயல் உள்ள பழைய கைக்கடிகாரத்தை அந்தக் கடையில் திறந்தால் அறையின் பொழுது மாறிவிடும். இருட்டில் மின்னுவதற்காக முட்களில் தடவிய பூச்சு, கடிகாரம் ஓடாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், முட்கள் நின்ற இடத்தில் டயலைச் சுட்டுப் பழுப்பு நிழலொன்றைப் பதித்துவிடும். அந்த நிழல் எந்த நேரத்தைக் காட்டுகிறதோ அந்த நேரத்து வெளிச்சம் அறைக்குள் வரும். மேலே வண்ணம் பூசிப் புதுப்பித்த டயல் என்றால் ஒன்றும் நடக்காது. டயல் அக்கா என்று ஊரே அழைத்த கடைக்காரி, வெளிச்சம் வந்த பிறகும் லென்ஸை வைத்து, மேலே பூசியதில் நேர்வதுபோல் எழுத்துகளின் கால்கள் வீங்கியிருக்கின்றனவா, நிமிடக் கோடுகள் விளிம்பைத் தாண்டி ஓடுகின்றனவா என்று பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். தொல்லையெல்லாம் பக்கத்துக் கடைத் தையல்காரருக்குத்தான். நடுவில் பாதிச் சுவர் என்பதால் பொழுது அங்கேயும் வழிந்துவிடும். "அக்கா, அசல் வந்துடுச்சா? இங்க நீலமும் கறுப்பும் ஒண்ணாத் தெரியுது!" என்று கத்துவார். அப்படியொரு பொழுதில் தைத்த கோட்டுக்கு ஒரு கை நீலமாகவும் இன்னொரு கை கறுப்பாகவும் அமைந்துவிட்டது. வாங்கிப்போனவர் இன்றுவரை கவனிக்கவில்லை.

அசல் என்று சொல்லக் கேட்கத்தான் எல்லோரும் வருவார்கள். ஒரு நண்பகலில் வந்த பெண் மட்டும் பூசியது என்று சொல்லக் கேட்க வந்தாள். அவள் கணவன் போன படகு திரும்பவில்லை. துறைமுகத்தில், கடலில் கிடைத்ததென்று ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, இது அவருடையது என்றார்கள். உப்புநீரில் கண்ணாடி பால்போல் வெளுத்து, உள்ளே எதுவும் தெரியவில்லை. படகில் பாதிப் பேர் கட்டியிருந்தது இதே வகைக் கடிகாரம்தான்.

"எங்க வீட்டுக்காரர் டயல்ல யாரையும் கைவைக்க விடமாட்டார்க்கா. இது பூசினதா இருந்தா வேற யாரோடதோதான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாக்கறேம்மா. உக்காரு."

அக்கா கண்ணாடி மூடியைக் கழற்றினார். வாசலில் நண்பகல் அப்படியே நிற்க, மேசைமேல் மஞ்சள் சாய்ந்தது. எழுத்துகள் ஊசிமுனைபோல் இருந்தன, கோடுகள் விளிம்பில் நின்றன. தன் தொழிலில் ஒருமுறையும் பொய் சொல்லாத அக்கா, அன்று சொல்வதென்றே முடிவு செய்து, லென்ஸைக் கண்ணில் இருந்து எடுக்காமல் குனிந்தே இருந்தார். பாதிச் சுவருக்கு அப்பால் தையல் இயந்திரம் நின்றது. இதோ கத்தப்போகிறார் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். தையல்காரர் கத்தவில்லை. விளக்கின் சுவிட்சைப் போடும் சத்தம் மட்டும், அதுவும் மெதுவாக, கேட்டது.

"பூசினது..." என்று அக்கா தொடங்கினார்.

அந்தப் பெண் தன் கைகளில் விழுந்திருந்த வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறேகால்" என்றாள். "டயல்ல அந்த நேரத்துல ஒரு கறை உண்டு. எவ்வளவு லேட்டா வந்தாலும் அதைக் காட்டி, பாரு, ஆறேகால்தான் ஆகுதும்பாரு. திருட்டு மனுஷன்."

அக்கா லென்ஸை எடுத்துக் கீழே வைத்தார். கடிகாரத்தை அன்று அவர் மூடவில்லை. வாசலில் பொழுது மெல்ல நகர்ந்துவந்து உள்ளே இருந்த பொழுதோடு சேரும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதும் வாரம் ஒருநாள் அவள் வந்து மூடியைத் திறந்துவைத்து, வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த நாளில் தையல்காரர் வெள்ளைத் துணி மட்டும் தைக்கிறார்.