துர்சுனின் போனுக்குக் காவல்

கோமாரியில் என் தூண்டிலில் மாட்டிய சுறா, தோணியையும் என்னையும் பெரியநீலாவணை வரை முப்பது மைல் இழுத்து வந்தது. கல்முனையில் இதை நம்பிய ஒரே ஆள் துர்சுன். அதனால்தான் தன் போனை என்னிடம் தந்தான்.

ரோடு போட வந்த சீனக் கம்பனியில் அவன் ரோலர் ஓட்டினான். சீனாவின் உய்குர் இனத்து ஆள், முஸ்லிம். தமிழை என் இளநீர்க் கடையில்தான் பழகினான். தான் முஸ்லிம் என்பதையும் அங்கே மட்டும்தான் சொன்னான், அதுவும் போனைத் தூர வைத்துவிட்டு. அவன் எங்கே நிற்கிறான் என்பதை அந்தப் போன் அவன் நாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பள்ளிவாசலுக்குள் போனது தெரிந்தால் அவன் ஊரிலுள்ள தங்கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். உம்மாவை எப்போதோ முகாமில் அடைத்துவிட்டார்கள்.

"காக்கா, உம்மா மௌத்து" என்றான் ஒரு நாள். "முகாமில. மையித்தும் குடுக்கல்ல."

இறந்தவரின் உடல் கண்முன் இல்லாவிட்டாலும் அவருக்காக ஜனாஸா தொழுவது எங்கள் வழக்கம். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தொழுவிக்க இமாம் சாலிஹ் மௌலவி ஒத்துக்கொண்டார். போன் மட்டும் கடையில் இருக்க வேண்டும்.

"அடிச்சா எடுக்காதீங்க காக்கா. நாட்டிலருந்து வீடியோவில முகம் பாப்பாங்க."

"நீ போய்த் தொழு மகன். பொலிசுக்கே பொய் சொன்ன வாய் இது."

எதற்கும் இருக்கட்டுமென்று நளீம் மாஸ்டரிடம் கேட்டு இங்கிலீசில் ஒரு பொய்யைப் பாடமாக்கி வைத்திருந்தேன்: ஆளுக்கு வயிற்றால போகுது, கக்கூசில் இருக்கிறான்.

போன் அடித்தது. விட்டேன். மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை, எடுக்காவிட்டால்தான் சந்தேகம் வரும் என்று தோன்றியது. எடுத்தேன். திரையில் கண்ணாடி போட்ட சீனர் ஒருவர். பாடமாக்கியதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

போனை எடுத்தால் எங்கள் ஊரில் எவன் வாயிலும் முதலில் வருவது அதுதான். இங்கிலீசு பின்னால் வந்தது. அவர் கேட்கவில்லை. என் தொப்பியைப் பார்த்தார். பின்னால் தெரிந்த பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். போனை வைத்துவிட்டார்.

துர்சுன் அழுது முடித்த முகத்தோடு வந்தான்.

"அடிச்சதா காக்கா?"

"ஓம், எடுத்திட்டன். வயித்தால போகுதெண்டன். ஆள் நம்பிட்டான்."

துர்சுன் சிரித்தான். சுறாவை நம்பியதைப் போலவே இதையும் நம்பினான்.

மறுநாள் ரோலரில் வேறொருவன் இருந்தான். இளநீர் குடிக்க வந்தபோது அவனிடம் துர்சுன் எங்கே என்று கேட்டேன். அவன் தன் போனைப் பார்த்தான். இளநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.