பூனை புகுந்த தேன்

அண்ணனுடைய தேனில் ஒரு குறையும் இல்லை. தம்பியின் வயிற்றெரிச்சலுக்கு அதுதான் காரணம்.

அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது பாத்திரக் கடை தம்பிக்கு வந்தது, தேனீப் பெட்டிகள் அண்ணனுக்குப் போயின. அன்றைக்குத் தனக்குத்தான் லாபம் என்று தம்பி மீசையை முறுக்கினான். அப்புறம் தேனுக்குக் கிராக்கி ஏறியது. ஈ வளர்த்து அண்ணன் சம்பாதித்தான், கடையில் ஈ ஓட்டிக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். எப்படியாவது அந்தப் பெட்டிகள் தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

தேனை மதிப்பிடுகிற இடத்தில் நுழைந்தால் வழி பிறக்கும் என்று தேன் வியாபாரிகள் சங்கத்தில் ருசி பார்க்கும் பயிற்சிக்குச் சேர்ந்தான். தேனின் நிறம் ஆளை ஏமாற்றாதபடி நீலக் கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தார்கள். அதை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்ற வேண்டும். முதலில் மூக்கு, பிறகுதான் நாக்கு. அடுத்த கிண்ணத்துக்குப் போகுமுன் ஒரு துண்டு ஆப்பிள், ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். புகை ஏறிய தேன், புளித்த தேன், சூட்டில் கருகிய தேன் எல்லாம் அவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டன. நாக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

ஒரு நாள் பயிற்சி கொடுத்த அம்மா ஒரு கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டு, போகிறபோக்கில், "இதுல லேசா பூனை மூத்திர வாடை அடிக்கும், பாருங்க" என்றார். மோந்த அத்தனை பேரும் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் ஜன்னலுக்கே ஓடிவிட்டார்.

அந்த அம்மா சிரித்தார். "சுத்தமான தேன்ங்க. நான் சொன்னேன், உங்க மூக்கு கேட்டுக்கிச்சு. அதனாலதான் எல்லாரும் எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு விதி வெச்சிருக்கு."

மற்றவர்கள் விதியைக் கற்றுக்கொண்டார்கள். தம்பி வித்தையைக் கற்றுக்கொண்டான்.

பயிற்சி முடிந்ததும் சங்கத்தின் மதிப்பீட்டுக் குழுவில் அவனுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அவனைத் தவிர அதில் இரண்டு பேர். ஒருவர் தலைவர், முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பெரிய நாக்கு' என்று பெயர். மற்றவர் மிட்டாய்க் கம்பெனி முதலாளியம்மா. இவர்கள் வேண்டாம் என்ற தேனைச் சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள். கிண்ணத்தின்மேல் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அந்தப் பக்கத்தில் கடுகுப் பூவிலிருந்து எடுக்கும் தேன் அண்ணனிடம் மட்டும்தான் உண்டு. சீக்கிரம் உறைந்து, நாக்கில் வெண்ணெயாய்க் கரையும். ஒரு கிண்ணம் உதட்டில் பட்டதுமே தம்பிக்குத் தெரிந்துவிட்டது.

அவன் பேனாவை எடுக்கவில்லை. மூக்கைத் தேய்த்தபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "யார் வீட்டுப் பூனையோ, பாவம், அதுக்கு என்ன அவசரமோ" என்றான்.

முதலாளியம்மா பக்கென்று சிரித்தார். பிறகு மோந்தார். சிரிப்பு நின்றது. "அய்ய! ஆமா!"

பெரிய நாக்கு கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். "நான் அப்பவே பிடிச்சிட்டேன். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

எண்ணுக்குரிய பெயரை வாசித்தார்கள். சாயங்காலத்துக்குள் கடைவீதியே அண்ணனைப் பார்த்து மியாவ் என்றது.

துக்கம் விசாரிக்கிற முகத்தோடு தம்பி போனான். அண்ணன் டிரம்களுக்கு நடுவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"பெட்டி, டிரம் எல்லாத்தையும் நான் எடுத்துக்கறேண்ணே. பதிலுக்கு என் கடையை வெச்சுக்க."

"கடையையா? இந்தச் சரக்குக்கா?"

"கூடப் பிறந்தவன்கிட்டப் பேரம் பேசுவேனா?"

அண்ணன் கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். சாவியும் பத்திரமும் கை மாறின.

தம்பியின் திட்டம் எளிது. அதே தேனைத் தன் பெயரில் குழுவுக்கு அனுப்புவான், கிண்ணம் வரும்போது வாயைத் திறக்கமாட்டான். தான் போட்ட சொல்லைத் தானே எடுத்துவிட்டால் தேன் பழையபடி தேனாகிவிடும்.

கிண்ணம் வந்தது. தம்பி பால் குடிக்கிற குழந்தைபோல் உட்கார்ந்திருந்தான். பெரிய நாக்கு கரண்டியை உதட்டில் வைத்தவுடன், "அடடே, நம்ம பூனை திரும்பி வந்திருச்சு" என்றார். முதலாளியம்மா மோந்து பார்க்காமலே மூக்கைப் பொத்தினார்.

"இல்லீங்க ஐயா, சுத்தமா இருக்கு."

"போன தடவை நீதானேய்யா சொன்னே?"

"அது சும்மா... விளையாட்டுக்கு."

"ஓ! நீ விளையாட, என் நாக்கு கூட ஆடுச்சுங்கிறியா?"

"இன்னொரு தடவை மோந்து பாருங்கய்யா. கும்பிட்டுக் கேக்கறேன்."

மோந்தார்கள். நேர்மையாகவே மோந்தார்கள். பூனை முன்னைவிடக் கொழுத்திருந்தது. எண்ணுக்குரிய பெயரைப் பார்த்ததும் முதலாளியம்மா உச்சுக் கொட்டினார். "சொந்தச் சரக்குன்னதும் பாவம், மூக்கு அடைச்சிருச்சு."

"இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார் பெரிய நாக்கு.

தம்பி நேரே பாத்திரக் கடைக்கு ஓடினான். கடையில் கூட்டம். அண்ணன் ஒரு பெண்ணிடம் குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உன் தேன்ல பூனை இல்லன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுண்ணே. அது பொய்ண்ணே. கிளப்பி விட்டவன் நான்தான்."

அண்ணன் குடத்தைக் கீழே வைத்தான். "ஊரே என்னைப் பார்த்து மியாவ்னு கத்துச்சே, அது உன் வேலையா?"

"கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழு. ஆனா நான் வந்து என்னத்தச் சொல்றது? அன்னைக்கு நானும் டிரம்மைத் திறந்து மோந்து பார்த்தேன். இருந்துச்சுடா. இல்லாட்டி நல்ல தேனை உன் தலையில எதுக்குக் கட்டறேன்?" குனிந்து தம்பியின் தோள் பக்கம் மூக்கைக் கொண்டுபோனான். "இப்பக்கூட உன் சட்டையில அடிக்குது."

அந்தப் பெண் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"கடைசி விலை சொல்லுங்கண்ணே, சீக்கிரம்" என்றாள் குடத்தைப் பார்த்து.