அரை ஷட்டர்

“பாதி வேண்டாம் மாமா. முழுசா மூடணும்.”

பேக்கரிக்காரர் ரொட்டி வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார். கத்திகள் ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் கல்லா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள். விடிகாலையில் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வீட்டில் கிடத்தியது முதல் அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்போமா என்று சந்தேகமாக இருந்தது. மத்தியானம் அப்பாவை எடுத்துப்போக வண்டி வந்துவிடும். அதற்குள் இந்தக் கடைத்தெருவைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும்.

“எல்லாக் கடையுமா?”

“ஷட்டர்ல படம் இருக்கற கடைங்க மட்டும். வண்டி தெருவைத் தாண்டற வரைக்கும். பகல்ல ஒரு தடவையாவது அவரு...”

செத்தவர் எதைப் பார்க்கப் போகிறார் என்று பேக்கரிக்காரர் கேட்கவில்லை. மாவுக் கையை வேட்டியா துணியா என்று பார்க்காமல் துடைத்துக்கொண்டார்.

அப்பாவுக்குப் பைக்கடை. பை விற்பார், அறுந்த வாரைத் தைப்பார், ஜிப் மாற்றுவார். மீதி நேரமெல்லாம் வியாபாரிகள் சங்கச் செயலாளர். ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகம் திறந்து, இங்கே ஆள் நடமாட்டம் குறைந்தபோது, “தெருவுக்கு ஒரு முகம் வேணும்யா” என்று கிளம்பியவர் அவர்தான். கடை ஷட்டர்களில் படம் வரைவது என்று முடிவானது. கடைக்கு ஒரு படம் போதும் என்றாள் ஓவியம் வரைய வந்த பெண். அப்பா கேட்கவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே படம். கடைக்குப் போகிற ஜனங்கள் வரிசையாக நடந்துபோக வேண்டும்.

வியாபாரம் கெடக்கூடாதே. அதனால் எந்தக் கடைக்கு என்றைக்கு வார விடுமுறையோ, அன்றைக்கு அந்த ஷட்டரை வரைந்தாள். மாசக்கணக்கில் ஆனது. கடைசி ஷட்டர் காய்ந்த பிறகுதான் ஒருவருக்கு உறைத்தது: ஒரு கடைக்கு விடுமுறை என்றால் மற்ற கடைகள் திறந்திருக்கும். முழுப் படமும் பகலில் ஒருநாளும் தெரியாது. ராத்திரி மருந்துக்கடைதான் கடைசியாக மூடும். விடிவதற்கு முன்பே பேக்கரி திறந்துவிடும்; அதற்கு விடுமுறை என்றால் பால்கடை. நடுவில் இருப்பதெல்லாம் இருட்டு. பார்க்க ஆந்தைதான் வரவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எல்லோரும் மூடுங்கள் என்று அப்பா கெஞ்சினார். “ஆளு வரணும்னு படம் போட்டோம். படம் தெரியணும்னு கடையை மூடணுமா? நல்லா இருக்குய்யா நியாயம்” என்றார் செருப்புக்கடைக்காரர். சங்கமே சிரித்தது. அன்றிலிருந்து அப்பாவுக்குப் பெயர் ‘ஷட்டர்’. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

“தெருவுல யாரு தவறினாலும் அரை ஷட்டர்தான்மா” என்றார் பேக்கரிக்காரர். “வண்டி போறவரைக்கும் பாதி இறக்குவோம், அப்புறம் தூக்கிடுவோம். அதுதான் வழக்கம்.”

“தெரியும் மாமா. இவருக்கு மட்டும்...”

“அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது யாரு தெரியுமா?”

அவள் நிமிர்ந்தாள்.

“உங்கப்பாதான். எங்கப்பா போனப்ப நான் நாள் பூரா மூடணும்னு சண்டை போட்டேன். அவருதான் சொன்னாரு. போனவனுக்கு மரியாதை வேணும், இருக்கறவனுக்கு யாவாரம் வேணும், பாதி இறக்கு, ரெண்டும் ஆச்சுன்னாரு. அப்போ அவர்மேல அவ்வளவு கோவம் எனக்கு.” அடுப்பின் பக்கம் பார்த்தார். “இப்ப உங்கப்பாவுக்கு மட்டும் மாத்தினா, அவரே எழுந்து வந்து சண்டைக்கு நிப்பாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது வாய்வரைக்கும் வரவில்லை.

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஷட்டர் படம் வரைந்த ஓவியப் பெண், நகக்கண்ணில் பச்சை நிறத்தோடு.

“என்ன சொன்னான் பேக்கரிக்காரன்?” என்றாள் அம்மா.

“பாதிதானாம்.”

“விடு. நேத்து நீ வர்றவரைக்கும் ஆஸ்பத்திரியில, முழுப் படத்தையும் பகல்ல பாக்கலியேன்னுதான் புலம்பிக்கிட்டு இருந்தாரு. ஒருநாள் ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போனாரு மனுஷன். ஒவ்வொரு ஆளா வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டு வந்து, நல்லா நடக்குறாங்கடின்னாரு. திருடன்னு நினைச்சு ரோந்து போலீஸ் வேற பிடிச்சு வச்சு விசாரிச்சிருக்கு.”

“நான் கரடியா கத்தினேன்கா, தனித்தனியா போட்டுடலாம்னு” என்றாள் ஓவியப் பெண்.

வண்டி வந்தது. “பின்பக்க ரோடு காலியா இருக்கு, அப்படியே போயிடலாமா?” என்றார் டிரைவர்.

“தெருவுக்குள்ளேயே போங்க. மெதுவா.”

அம்மாவும் அவளும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். வண்டி திரும்பியதும் ஷட்டர்கள் இறங்கத் தொடங்கின. கடகடவென்று வந்து, பாதியில் நின்றன, ஒன்றன்பின் ஒன்றாக.

படத்தின் மேல்பாதி உருளைக்குள்ளேயே சுருண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது. செருப்புகள், ஷூக்கள், ஒரு ஊன்றுகோல், ஆடுகிற பைகள். தெரு நீளத்துக்கும் கால்கள் அந்தரத்தில் நடந்துபோயின, வண்டி போகிற திசைக்கே. அவற்றுக்குக் கீழே படியில் கடைக்காரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். படத்தில் குள்ளமாக இருந்த நாய் ஒன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

செல்போன் கடையில் ஷட்டர் கை நழுவியது. தடாலென்று தரைவரைக்கும் விழுந்தது. இரண்டு முகங்கள். ஒரு பெண் சிரித்துக்கொண்டு. ஒருவர் தோள்பையோடு திரும்பிப் பார்த்தபடி. உள்ளேயிருந்து பதறிக்கொண்டு செல்போன் கடைக்காரர் அதைத் தூக்கினார். மற்றவர்கள் அளவுக்குப் பாதியில் நிறுத்தினார். வெளியே குனிந்து வந்து, “மன்னிச்சுக்கங்க, தெரியாம விழுந்துடுச்சு” என்றார்.

“யாருடி அது, தோள்பையோட?” என்றாள் அம்மா.

“தெரியலம்மா. பாக்கறதுக்குள்ள தூக்கிட்டாரு.”

அம்மா ஜன்னல் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

தெருமுனையில் பேக்கரி. அரை ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் வெளியே வந்தாள், கையில் அப்போதுதான் வாங்கிய சூடான ரொட்டி. நிமிர்ந்தவள் வண்டியைப் பார்த்துவிட்டாள். தலைக்கு மேலே யாருடையவோ கால்கள் எட்டி நடக்க, அவள் நகராமல் நின்றாள். ரொட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.