லேமினேஷன்காரர் கப்பல் ஏறப் போனார்

என் கணவருக்கு இந்த உலகத்தில் முழு நம்பிக்கை உள்ள ஒரே பொருள் பிளாஸ்டிக் உறை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, விண்ணப்பம் நிரப்பித் தருவது, லேமினேஷன் என்று நான்கு வேலைகள் நடக்கும் கடை அவருடையது. முதல் மூன்றும் பிழைப்புக்காக. நான்காவது அவர் மனசுக்காக. ஒரு தாளை உறைக்குள் வைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே அனுப்பி, அது அந்தப் பக்கம் விறைப்பாக வெளியே வருவதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். எங்கள் கல்யாணத்தன்று எடுத்த எந்தப் போட்டோவிலும் அந்தப் பூரிப்பு இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் அவர் கைக்குத் தப்பிய காகிதம் குறைவு. கல்யாணப் பத்திரிகை, ஃபிரிட்ஜின் உத்தரவாத அட்டை, என் பழைய மூக்குக்கண்ணாடிச் சீட்டு எல்லாம் உறைக்குள்தான். ஒருமுறை பால்காரருக்காக ‘நாளைக்குப் பால் வேண்டாம்’ என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்தேன். அதையும் லேமினேட் செய்து வாசல் கதவில் மாட்டிவிட்டார். அந்த ‘நாளைக்கு’ முடிகிற வழியாக இல்லை. ஒரு வாரம் பாலில்லாமல் கிடந்த பிறகுதான் நானே போய்க் கழற்றினேன்.

எங்களுக்கு ஒரே மகள். வணிகவியலில் பட்டம் வாங்கினாள். பட்டச் சான்றிதழ் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அப்பா அதை லேமினேட் செய்து, வேலைத் தரம் தெரியட்டும் என்று மாதிரிக்காகக் கடைச் சுவரில் மாட்டினார். மாட்டிய ஆணி சூடு ஆறுவதற்குள் அவள், சுற்றுலாக் கப்பலில் ரொட்டியும் கேக்கும் செய்கிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். “பட்டம் வாங்கிட்டு மாவு பிசையப் போறியா?” என்று கேட்டார் அவர். “ஆமாம்ப்பா” என்றாள். அவ்வளவுதான். சண்டை என்று சொல்லக்கூட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருடம் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சுவரில் இருந்த சான்றிதழை மட்டும் அவர் கழற்றவில்லை. கேட்டால், நல்ல மாதிரி கிடைப்பது கஷ்டம் என்பார்.

அவள் எனக்குத்தான் போன் செய்வாள். உடனே இவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்தி வாசிப்பவரின் உதட்டை வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நான் வேண்டுமென்றே சமையலறைக்குப் போனால், இவருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும்.

அப்படி ஒரு நாள்தான் சொன்னாள். அவள் வேலை செய்யும் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வருகிறதாம். இங்கிருந்து கிளம்பி, கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இங்கேயே திரும்பி வருமாம். ஊழியர்களின் அப்பா அம்மாவுக்கு இரண்டு இடம் தருகிறார்களாம். “ரெண்டு பேரும் வாங்கம்மா. நான் எங்க நிக்கிறேன், என்ன செய்யறேன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும். அப்புறம் அப்பா திட்டினாலும் பரவாயில்ல” என்றாள். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கடல், கப்பல் எல்லாம் எக்கேடும் கெடட்டும். இந்த மனிதர் அந்தப் பெண்ணின் எதிரில் போய் நின்றுவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று நம்பினேன்.

இவர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, கப்பலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாமா என்று கேட்டார். வருகிறேன் என்பதை எங்கள் வீட்டு ஐயா சொல்கிற விதம் அது.

அடுத்த தலைவலி அடையாள ஆவணம். பாஸ்போர்ட் இருந்தால் நல்லது, அது இல்லையென்றால் அசல் பிறப்புச் சான்றிதழும் போட்டோ உள்ள அரசாங்க அடையாள அட்டையும் வேண்டும் என்று கப்பல் கம்பெனி சொல்லியிருந்தது. வம்பே வேண்டாம், பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள், நாள் இருக்கிறது என்றாள் மகள். நான் அதை இவரிடம் சொன்னேன். சொல்லவே தேவையில்லை, பக்கத்தில்தான் தாகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, விண்ணப்பம் நிரப்பி, காதைக் காட்டுங்கள், சிரிக்காதீர்கள் என்று அதட்டி வெளிநாடு அனுப்பியவர் என் கணவர். அவருக்கென்று ஒரு பாஸ்போர்ட் கிடையாது. இப்போதாவது எடுங்களேன் என்றேன்.

“பாஸ்போர்ட் பறக்கறவங்களுக்கு. மிதக்கறவங்களுக்கு எதுக்கு?” என்றார்.

இதற்கு மேல் ஒரு நிபுணரிடம் என்ன பேசுவது? சரி, பிறப்புச் சான்றிதழே போதும் என்று முடிவாயிற்று. மகள் இன்னொன்றும் சொன்னாள். “அப்பாகிட்ட சொல்லும்மா, சான்றிதழை மட்டும் தயவுசெஞ்சு லேமினேட் பண்ண வேண்டாம்னு. இங்க ஒத்துக்க மாட்டாங்க.”

சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் மறந்துபோய் விட்டிருப்பாரோ என்னவோ. “எனக்கே லேமினேஷன் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாளா?” என்று எழுந்தார். கடலில் ஈரக்காற்று அடிக்கும், உப்புக்காற்று அடிக்கும், வெறும் தாளை எடுத்துக்கொண்டு போனால் கந்தலாகிவிடும் என்றார். வாழ்நாளில் கப்பலில் கால் வைக்காதவர், கப்பற்படையில் ஓய்வு பெற்றவர் போலப் பேசினார். மறுநாள் சாயங்காலம் அவருடைய பிறப்புச் சான்றிதழ் பளபளவென்று வீட்டுக்கு வந்தது. இருப்பதிலேயே தடித்த உறையாம். மேஜையில் தட்டிக் காட்டினார். டக்கென்று சத்தம் வந்தது.

பிறகு என்னுடையதைக் கேட்டார். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ஏதோ சரிபார்க்கக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் தருகிறேன் என்று கண் இமைக்காமல் புளுகினேன். சான்றிதழ் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. அந்த வீட்டில் அவர் கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

கிளம்புகிற நாளில் புதுச் சட்டை, பளபளக்கும் காலணி, பளபளக்கும் சான்றிதழ் என்று ஜோராக வந்தார். துறைமுகக் கூடம் பெரியது. தூணுக்குத் தூண் கயிறு கட்டி வரிசையை வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் நின்றது. அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த வெள்ளைச் சாயம் நிற்காது, ஒரு உறை போட்டால்தான் தாங்கும் என்று சொல்வாரோ என்று பயந்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அடையாள அட்டைகளைப் பார்த்துத் தலையாட்டினாள். அவருடைய சான்றிதழை எடுத்தாள். விரலால் தடவினாள். விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

“சார், முத்திரை மேடா இருக்கான்னு தொட்டுப் பாக்கணும். உறைக்குள்ள இருந்தா அசல்னு எடுத்துக்க முடியாது. இதைப் பிரிக்க முடியுமா?”

“நான் போட்டது. யாராலயும் பிரிக்க முடியாது” என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்தி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மன்னிக்கவும் சார் என்று சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். நான் பையிலிருந்து என் சான்றிதழை எடுத்தேன். ஓரத்தில் டீக் கறை, மடிப்பில் நைந்த கோடு, மேலே கொஞ்சம் அரிசி மாவு. அவள் முத்திரையை ஒருமுறை தடவினாள், சரி என்றாள். என் கணவர் அந்த மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பல் மருத்துவமனையில் எது சரிபார்க்கப்பட்டது என்று அவர் கேட்கவில்லை.

பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அவர் என்னிடம் நகவெட்டியை வாங்கி உறையின் ஒரு மூலையை நெம்ப ஆரம்பித்தார். கொஞ்சம் தூக்கியது. தூக்கிய இடத்தில் காகிதமும் தோல் உரிந்தாற்போலக் கூடவே வந்தது. அவருடைய அப்பா பெயரில் பாதி உறையோடு போய்விட்டது. அவர் விடாமல் நெம்பினார். இத்தனை வருடமும் எனக்கு இந்த லேமினேஷன் மேல் இருந்த எரிச்சல் முழுவதும் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் நன்றாக வேலை செய்யத் தெரிந்தவர். அன்றைக்கு அதுதான் அவருக்கு எதிரியாகிவிட்டது.

நானும் போகப் போவதில்லை என்றேன். போன் அடித்தது. மகள்தான். எங்கே இருக்கிறீர்கள், எல்லாரும் ஏறிக்கொண்டிருக்கிறார்களே என்றாள். நடந்ததைச் சொன்னேன். “அப்பவே சொன்னேனேம்மா” என்றாள். மூன்று வருடம் காத்திருந்தவள். அப்போது என் முன்னால் ஒரு கை நீண்டது. போனைக் கொடுத்தேன்.

“அப்பா பேசறேன்” என்றார். “நீ அப்பவே சொன்ன. நான்தான் கேக்கல.”

பிறகு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். டிவி பார்ப்பதுபோல நடிக்க அங்கே டிவியும் இல்லை. கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகவெட்டியைக் கீழே வைத்தார்.

“பிரிக்க வேணாமாம். கிழிஞ்சிடுமாம்” என்றார்.

மகள் சொல்லி அவர் கேட்ட முதல் விஷயம் அது. அப்புறம் என்னைப் போகச் சொன்னார். அவள் என்ன செய்கிறாள், எப்படிச் செய்கிறாள் என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்தார். கடைச் சுவரில் மாட்டியிருந்த பட்டச் சான்றிதழ். எப்போது கழற்றினார், எனக்குத் தெரியாது.

“அவளோடது. அவகிட்ட குடுத்துடு.”

கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனுமாக, முழங்கை வரை மாவோடு ஓடி வந்தாள் மகள். மேலதிகாரியிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். நான் சான்றிதழைக் கொடுத்தேன். வாங்கியதும் அதில் அவள் விரல்களின் மாவு அப்பிக்கொண்டது. பதறிப்போனேன். அவள் ஏப்ரன் நுனியால் ஒரு துடை துடைத்தாள். புதுசுபோல ஆகிவிட்டது.

“மாவு மேஜைக்கு மேலயே மாட்டிக்கலாம்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கப்பல் நகர ஆரம்பித்தது. கரையில் கூட்டமாகக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இவர் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் மூக்குக்கண்ணாடிச் சீட்டை உறைக்குள் போட்டு வைத்தாரே தவிர, கண்ணாடியை மாற்றத்தான் யாருக்கும் நேரமில்லை. மகள் சட்டென்று தன் சான்றிதழைத் தலைக்கு மேலே தூக்கி வெயிலுக்கு நேராகச் சாய்த்தாள். அது பளிச்சென்று மின்னியது.

கரையிலிருந்து, கம்பி வேலிக்குப் பக்கத்தில், பதிலுக்கு ஒன்று மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது. எந்தக் கவுன்டரிலும் செல்லாத அவருடைய பிறப்புச் சான்றிதழ்.

“அப்பா போட்டது எவ்வளவு தூரத்துக்குத் தெரியுது பாரும்மா” என்றாள்.

அவளுடைய பத்து நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் கையை இறக்கவே இல்லை. அவரும் இறக்கவில்லை.